குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட்: செட்டிநாட்டுப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தோ, டாக்டரே சொல்லியோ, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் இருக்கிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது, ஆபரேஷன் செய்து உள்காதில் மெல்லிய மின்முனைகளை வைத்து, வெளியே மாட்டும் கருவி பிடிக்கும் சத்தத்தை நேராகக் கேட்கும் நரம்புக்குக் கொடுப்பது. நாங்கள் இருப்பது காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். என் மகளுக்கு இம்ப்ளான்ட் பொருத்தி, இப்போது பள்ளிக்குப் போய்வருகிறாள். அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தகவல் எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒரு கவுன்டரில் ஒரு விஷயம், அடுத்த கவுன்டரில் அதற்கு நேர்மாறாக வேறொரு விஷயம். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

என்னிடம் விசாரிக்கிற பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி கருவி நல்லது?" என்பதைத்தான். அதற்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு. எவ்வளவு சீக்கிரம் பொருத்தப் போகிறோம்? பொருத்திய பிறகு, வருடக்கணக்கில் யார் நமக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் கம்பெனி விஷயம் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

1. சந்தேகம் வந்த வாரமே சோதனைக்குப் போங்கள்

"இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான், விடு" என்று அப்பத்தா சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனாலும் காத்திருக்காதீர்கள். வீட்டில் தட்டைக் கீழே போட்டுப் பார்த்து, "திரும்புதே" என்று நிம்மதி அடைவதும் வேண்டாம். காது கேட்காத குழந்தை தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பும். நிழல் அசைந்தால் திரும்பும். அம்மாவின் முகம் மாறினாலும் திரும்பும். வீட்டுச் சோதனை எதையும் நம்ப முடியாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதெல்லாம் தாண்டிய பிறகுதான் தெரியவருகிறது. போனது போகட்டும், இன்றைக்குத் தொடங்குங்கள். மூளையில் கேட்பதற்கான பகுதி முதல் மூன்று, மூன்றரை வயதுக்குள்தான் வேகமாக வளரும். ஒரு வயதிலோ இரண்டு வயதிலோ பொருத்தப்படும் குழந்தைக்கும் ஐந்து வயதில் பொருத்தப்படும் குழந்தைக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

மூளைக்காய்ச்சல் வந்து அதன்பின் காது கேட்காமல் போன குழந்தையானால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். உள்காதில் எலும்பு வளர்ந்து, மின்முனையை உள்ளே செலுத்தவே முடியாமல் போய்விடலாம். முதல் நாளே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு முதலில் போகலாம். குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பரிசோதனை மையம் மாவட்டந்தோறும் இருக்கிறது, டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கேதான் அனுப்பி வைப்பார்கள்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் மொத்தமாகச் செட்டிநாடு என்கிறோம், ஆனால் அரசாங்கத்துக்கு அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். வைத்தியத்துக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். சான்றிதழ், மாற்றுத்திறனாளி அட்டை, நல அலுவலகம் என்று வரும்போது ரேஷன் கார்டு எந்த மாவட்டமோ அங்கேதான் போக வேண்டும்.

2. சோதனைகளை முழுசாக முடியுங்கள்

குழந்தைக்கு முதலில் எடுப்பது, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை. காதில் சின்ன முனை ஒன்றை வைத்து சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இதில் "பாஸ்" என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் விடாதீர்கள். உள்காது நன்றாக இருந்து, நரம்பில் கோளாறு உள்ள குழந்தைகள் இதில் தப்பிவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது அடுத்த சோதனையான பெரா. சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று அதில் பார்ப்பார்கள்.

பெராவுக்குக் குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும். இதில்தான் காரைக்குடிக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். காலையில் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினால், இரண்டு மணி நேரம் குழந்தை மடியில் சுகமாகத் தூங்கிவிடும். அங்கே போய் மருந்து கொடுத்தாலும் கண்ணை மூடாது. டெஸ்ட் ரத்து, அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. முந்தின ராத்திரி தாமதமாகப் படுக்க வையுங்கள், காலையில் சீக்கிரம் எழுப்புங்கள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே போங்கள். முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். தூக்க மருந்துக்கு முன்னால் எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்பதையும் தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சளி இருந்தால் போவதற்கு முன்பே போன் செய்து சொல்லுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு தப்பாக வரும்.

பெராவுடன் ஏ.எஸ்.எஸ்.ஆர். என்று ஒன்றும் எடுக்கச் சொல்வார்கள். எந்த ஒலி அலைவரிசையில் எவ்வளவு கேட்கிறது என்று அதில் தெரியும். பிறகு உள்காது எலும்பைப் பார்க்க சி.டி. ஸ்கேன், கேட்கும் நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ.யை மட்டும் தவிர்க்கவே கூடாது. சில குழந்தைகளுக்குக் கேட்கும் நரம்பே உருவாகியிருக்காது அல்லது மிக மெல்லிசாக இருக்கும். அப்படியானால் காக்ளியர் இம்ப்ளான்ட் பலன் தராமல் போகலாம். எந்தக் கருவி என்று பேசுவதற்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும்.

ஈ.சி.ஜி.யும் கேட்பார்கள். காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காதீர்கள். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளில் சிலருக்கு இதயத் துடிப்புக் கோளாறு சேர்ந்து இருக்கும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் அது தெரிய வேண்டும். கண் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் இவற்றில் பெரும்பாலானவை இலவசம். வெளியில் எடுத்தால் பெராவுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவிலும், இரண்டு ஸ்கேனும் மயக்க மருந்தும் சேர்த்துப் பத்தாயிரத்தைச் சுற்றியும் ஆகும். வெளியில் எடுப்பதாக இருந்தால், ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையில் அந்த லேப் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு எடுங்கள். பல இடங்களில் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள்.

3. முதலில் சாதாரண ஹியரிங் எய்டு

இம்ப்ளான்ட்டுக்கு முன், நல்ல சக்தியுள்ள ஹியரிங் எய்டை இரண்டு காதிலும் மாட்டி, கூடவே தெரபியும் (கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி) கொடுத்து, மூன்று மாதம் அளவில் பார்ப்பார்கள். அது ஏன், நேரடியாக இம்ப்ளான்ட் வைக்கலாமே என்று தோன்றும். அதிலேயே போதுமான அளவு கேட்கும் குழந்தைக்கு ஆபரேஷனே தேவையில்லை. அது உதவவில்லை என்ற பதிவு இருந்தால்தான் காப்பீட்டில் அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் ஹியரிங் எய்டு இலவசமாகக் கிடைக்கும். இம்ப்ளான்ட் பற்றி எல்லாம் முடிவான பிறகும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு காதுக்கு மட்டும் இம்ப்ளான்ட் வைத்தால், மறுகாதுக்கு அது உதவும்.

இந்த மாதங்களில் சும்மா இருக்காமல் அடுத்த வேலையை முடித்துவிடுங்கள்.

4. காகிதங்கள்

அதிக நாள் விழுங்குவது இதுதான். ஆபரேஷனுக்குத் தேதி இருந்தும் ஒரு எழுத்துப் பிழையால் குழந்தைகள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்க வேண்டும். பெயர் இல்லாமல் வாங்கி வைத்திருந்தால் இப்போதே பதிந்துவிடுங்கள். பிறகு குழந்தைக்கு ஆதார். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்க மாட்டார்கள், பெற்றோர் ஒருவரின் ஆதாரும் பிறப்புச் சான்றும் போதும். மூன்றாவது, ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது. இந்த மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிறப்புச் சான்றில் "மீனாட்சி", ஆதாரில் "மீனாக்ஷி" என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று நகரும். விண்ணப்பித்த கையோடு வி.ஏ.ஓ.வை நேரில் போய்ப் பார்த்து, குழந்தையின் ஆபரேஷனுக்காக என்று சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. வருமானச் சான்றில் வெளிநாட்டுச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மறைத்து வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் ரத்தானால் நஷ்டம் குழந்தைக்குத்தான். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து போட ஒரு பெற்றோர் இருந்தால் போதுமா என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டுவிட்டால், அவர் விடுப்பு எடுப்பதை முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

அடுத்தது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, யு.டி.ஐ.டி. என்பார்கள். இணையத்தில் விண்ணப்பித்து, பெரா ரிப்போர்ட்டுடன் மாவட்ட மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். "எதுக்குப் பிள்ளைக்கு இந்த முத்திரை?" என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குவார்கள். எங்கள் வீட்டிலும் பெரிய பேச்சாகத்தான் இருந்தது. இந்த அட்டை இருந்தால்தான் தெரபிக்குப் போய்வர பஸ் பாஸ், பள்ளியில் சலுகைகள், நலத்துறை உதவிகள் எல்லாம் கிடைக்கும். வருமான வரி கட்டுபவராக இருந்தால் பழைய வரிமுறையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ், குழந்தையின் பாஸ்போர்ட் அளவு போட்டோ பத்து, போனில் ஸ்கேன். ஒரிஜினலை எந்தக் கவுன்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

5. பணம் வரும் வழி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் நம்மில் பெரும்பாலோருக்கு வழி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். கார்டு இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் போய்ப் பதியலாம். சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. ஏற்கெனவே கார்டு இருந்தால், குழந்தையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணம் ஆனபோது எடுத்த கார்டு, குழந்தை பிறந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை என்ற நிலைதான் பல வீட்டில்.

ஆறு வயதுக்குள் என்பதை, ஐந்தே முக்கால் வயதில் போய் நின்றாலும் ஆகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதனை, ஹியரிங் எய்டு காலம், முன் அனுமதி எல்லாம் சேர்ந்து சில மாதம் ஓடிவிடும். அனுமதி வந்த பிறகும் வரிசை இருக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் தருகிறார்கள். மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் அதைப் பார்த்துக்கொள்கிறது. மாநிலத் திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் அங்கே முயலலாம். அரசு ஊழியர் குடும்பமானால் உங்களுக்கான தனிக் காப்பீட்டில் கேளுங்கள். கம்பெனி காப்பீடு இருந்தால், அதில் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற வார்த்தையைத் தேடிப் படியுங்கள். செலவில் பாதிதான் தருவோம் என்று எழுதியிருக்கும் பாலிசிகள் உண்டு.

சொந்தப் பணத்தில் என்றால், ஒரு காதுக்குக் கருவியும் ஆபரேஷனும் சேர்த்து ஆறு லட்சத்தில் தொடங்கி, மாடலைப் பொறுத்துப் பத்து, பன்னிரண்டு லட்சத்துக்கு மேலும் போகும். நகை அடகு வைக்கும் முன், நிலத்தை விற்கும் முன், ஒன்று மட்டும் செய்யுங்கள்: மூன்று வருடத்துக்கான தெரபி, போக்குவரத்து, பேட்டரி, கேபிள் செலவைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் கருவி பாருங்கள். விலை கூடிய கருவியை வாங்கிவிட்டுத் தெரபிக்குப் போகக் காசில்லாத குழந்தைக்குச் சத்தம் கேட்கும், பேச்சு வராது.

6. எந்தக் கருவி?

அரசுத் திட்டத்தில் போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் தேர்வு உங்கள் கையில் இல்லை. டெண்டரில் வந்த கருவிதான் கிடைக்கும், பொதுவாக ஒரு காதுக்கு. அதை நினைத்து மனம் குன்ற வேண்டாம். சரியான வயதில் வைத்து, ஒழுங்காகத் தெரபி கொடுத்தால் அடிப்படை மாடலிலேயே குழந்தைகள் நன்றாகப் பேசுகிறார்கள்.

தேர்வு உங்களுடையது என்றால், இந்தியாவில் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் காதில் விழும்: ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்-எல், அமெரிக்காவின் அட்வான்ஸ்டு பயானிக்ஸ். டென்மார்க்கின் ஆட்டிகான் மெடிக்கல் தன் இம்ப்ளான்ட் பிரிவைக் காக்ளியர் கம்பெனிக்கே விற்றுவிட்டது. விற்பனைப் பிரதிநிதி வந்து, "எங்களுடையதில் 22 மின்முனை, அவர்களுடையதில் 16, இன்னொன்றில் 12தான்" என்பார். அந்த எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் வேலை செய்கிறது. மூன்றிலும் நன்றாகக் கேட்கிற, பேசுகிற குழந்தைகள் இருக்கிறார்கள். உள்காதின் அமைப்பு வித்தியாசமாக இருந்தால் எந்த மின்முனை பொருந்தும் என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. இவற்றுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

- உள்ளே வைக்கும் பாகத்துக்கு எத்தனை வருட உத்தரவாதம்? வெளியே மாட்டும் ப்ராசஸருக்கு எத்தனை? உள்ளே இருப்பதற்கு வழக்கமாகப் பத்து வருடம், வெளியே இருப்பதற்கு அதைவிடக் குறைவு.
- காயில் (தலையில் காந்தத்தால் ஒட்டும் வட்டமான பாகம்), கேபிள், பேட்டரி எல்லாம் அந்த உத்தரவாதத்தில் சேருமா? ப்ராசஸர் தொலைந்துபோனால்?
- மதுரையிலோ திருச்சியிலோ சர்வீஸ் இருக்கிறதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா? சரியாகி வரும்வரை மாற்றுக் கருவி தருவார்களா?
- உள்ளே இருக்கும் மேக்னட்டை எடுக்காமல் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, எந்த அளவு சக்தியுள்ள மெஷின் வரை? பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இது உள்ளே இருக்கப்போகிறது.
- இந்த ப்ராசஸர் மாடல் எப்போது வந்தது, உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும்?

கடைசிக் கேள்வியை அழுத்திக் கேளுங்கள். விலை குறைந்த பேக்கேஜ்களில் உள்ளே வைப்பது புதிதாகவும், வெளியே மாட்டுவது கம்பெனி நிறுத்தப்போகிற பழைய மாடலாகவும் இருக்கக்கூடும். நான்கு வருடத்தில் கேபிள்கூடக் கிடைக்காது. அப்போது புது ப்ராசஸருக்கு மறுபடியும் சில லட்சம்.

காதுக்குப் பின்னால் மாட்டுவதா, தலையில் பொத்தான் போல ஒட்டுவதா என்றும் கேட்பார்கள். ஒட்டும் வகை பார்க்க அழகாக இருக்கும். தவழ்கிற, உருளுகிற குழந்தைக்கு அடிக்கடி விழுந்துவிடும். சின்னக் காதுக்குக் காதில் மாட்டும் வகையும் கனம்தான், ஆனால் அதில் பேட்டரியைத் தனியாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு காதுக்குமா, ஒரு காதுக்கா? இரண்டு காதும் கேட்டால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்க முடியும். உங்களிடம் உள்ள பணத்துக்கு ஒரு காதில் உயர்ந்த மாடல் அல்லது இரண்டு காதிலும் அடிப்படை மாடல் என்ற நிலை வந்தால், இரண்டு காதுக்கும் அடிப்படை மாடல் வைப்பதே என் பரிந்துரை. தெரபிப் பணத்தைத் தொடாமல் முடிந்தால் மட்டும்.

7. எந்த மருத்துவமனை?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காப்பீட்டுத் திட்டத்தில் இம்ப்ளான்ட் செய்கிறார்கள். சென்னையில் அரசு, தனியார் இரண்டிலும் அனுபவமுள்ள இடங்கள் உண்டு. காரைக்குடியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் சென்னைக்குப் போய்விடலாம் என்பதால் பலர் அங்கே போகிறார்கள். ஆபரேஷன் ஒருமுறைதான். மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் சத்த அளவைச் சரிசெய்ய, முதல் வருடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும், தெரபிக்கு வாரந்தோறும். ஆகவே ஆபரேஷன் எங்கே என்பதோடு, மேப்பிங்கை மதுரையிலோ திருச்சியிலோ தொடர முடியுமா என்றும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். முடியும் என்றால் மேப் விவரங்களின் நகலை ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் கிளினிக்குக்குத் தள்ளிவிடும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். "அரசில் வைத்தால் வேலை செய்யாது" என்று பயமுறுத்துபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

8. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இம்ப்ளான்ட் வைத்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். அதனால் நிமோகாக்கல் ஊசி ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அரசு அட்டவணையில் பி.சி.வி. என்ற நிமோகாக்கல் ஊசி இருக்கிறது, இரண்டு வயதுக்கு மேல் போடும் இன்னொரு வகையைப் பெரும்பாலும் வெளியில்தான் போட வேண்டியிருக்கும். மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் இன்னொரு ஊசியான ஹிப், குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே அடக்கம்.

மொட்டை, காதுகுத்து வேண்டுதல் பாக்கி இருந்தால் ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே குன்றக்குடியிலோ குலதெய்வக் கோயிலிலோ முடித்துவிடுங்கள். பிறகு என்றால், தையல் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பின்தான். கத்தி அந்த இடத்தில் படும் முன்பே, அங்கே தோலுக்கு அடியில் கருவி இருக்கிறது என்று நாவிதரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் இரண்டு, மூன்று மணி நேரம். காதுக்குப் பின்னால் சின்னக் கீறல்தான். சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் தேதி தள்ளிப்போகும் என்பதால் முந்தின வாரம் கல்யாணம், திருவிழாக் கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போகாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்ப்ளான்ட்டின் மாடல், வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இனி எந்த ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் முன்னால் அதைக் காட்ட வேண்டும். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, காதுக்குப் பின் வீக்கம், முகம் ஒரு பக்கம் இழுப்பது போன்று எது தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள்.

9. ஸ்விட்ச் ஆன்

தையல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம். அதற்குப் பிறகுதான் வெளிக்கருவியை மாட்டி இயக்குவார்கள். அதுவரை குழந்தைக்கு எதுவும் கேட்காது, கவலைப்படாதீர்கள். போனில் வரும் வீடியோக்களில் குழந்தை முதல் சத்தம் கேட்டுச் சிரிக்கும். உங்கள் குழந்தை வீறிட்டு அழலாம், ஒன்றுமே நடக்காதது போல விளையாடலாம். எல்லாம் சகஜம்தான். அன்றிலிருந்துதான் அதற்குக் கேட்கும் வயது தொடங்குகிறது. அதன்பின் ஒரு வருடம் கழித்தே தெளிவான சில சொற்கள் வந்தாலும் அது தாமதம் இல்லை.

சத்த அளவைக் குழந்தைக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பதுதான் மேப்பிங். போகும்போது, "அடுப்படியில் குக்கர் விசிலுக்குத் திரும்பினாள், கதவு தட்டியதற்குத் திரும்பவில்லை" என்கிற மாதிரி எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள். மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட்டுக்கு (கேட்பியல் நிபுணர்) அதைவிட உதவியானது வேறில்லை.

10. தெரபியும் நம் வீடும்

வாரம் இரண்டு வகுப்பு, குறைந்தது இரண்டு வருடம். காப்பீட்டுத் திட்டத்தில் எத்தனை மாத தெரபி அடங்கும், எங்கே என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட காது கேளாத குழந்தைகளுக்கு நலத்துறை உதவியோடு நடக்கும் பயிற்சி மையங்களின் விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத்தான். வீட்டில் நாள் முழுக்கச் செய்யப்போவது நீங்கள்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை. பட்டாலையில் உட்கார்ந்து பேசினால் ஒவ்வொரு சொல்லும் எதிரொலித்துக் குழைந்துபோகும். நமக்கு அது தெரியாது. இம்ப்ளான்ட் வைத்த குழந்தைக்கு அந்த எதிரொலியில் பேச்சைப் பிரித்தெடுப்பது மிகவும் சிரமம். என் மகள் வகுப்பில் கேட்பதை வீட்டில் கேட்காதது ஏன் என்று தெரபிஸ்ட் வந்து பார்த்த அன்றுதான் புரிந்தது. வீட்டிலேயே சின்ன அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோரைப்பாய்க்கு மேல் ஜமக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரோரம் துணி அலமாரி அல்லது தலையணைகள். டிவி, மிக்ஸி, சுற்றும்போது கடகடக்கிற மின்விசிறி எதுவும் வேண்டாம். பயிற்சியை அங்கே வையுங்கள். எங்களுக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது.

தினமும் காலையில் கருவி மாட்டியதும் ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள்: ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். உதடு தெரியாமல், பின்னால் நின்று, சாதாரணக் குரலில். ஒலி கேட்டதும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடச் சொல்லிப் பழக்கலாம். வாயில் போடுகிற வயது என்றால் பெரிய மரக்கட்டைகள். நேற்றுவரை "ஸ்" கேட்டுக் கட்டையைப் போட்ட குழந்தை இன்றைக்குப் போடவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பேட்டரி, அப்புறம் மைக் உறை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ, பிடிவாதமோ என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். பள்ளியில் இங்கிலீஷ் தேவைப்படும் என்று முதலிலேயே கலந்தால் குழந்தைக்கு இரண்டும் பிடிபடாது என்று சொல்பவர்கள் உண்டு, சேர்த்தே கற்கும் குழந்தைகளும் உண்டு. ஆனால் உங்கள் வாயில் தடையில்லாமல் வரும் மொழியில்தான் நாள் முழுக்க, சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும், பேசிக்கொண்டே இருக்க முடியும். ஆயா, ஐயா, அத்தை என்று வீட்டில் எல்லோரையும் பேச வையுங்கள். சைகை காட்டி வேலையை முடித்துவிடாமல், முதலில் சொல்லிவிட்டுப் பிறகு காட்டச் சொல்லுங்கள்.

11. அன்றாடப் பராமரிப்பு

விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி தலையில் இருக்க வேண்டும். குளிக்கும்போது, எண்ணெய் தேய்க்கும்போது, தூங்கும்போது மட்டும் கழற்றலாம். நம் ஊர் வெயிலில் வியர்வைதான் எதிரி. ஒவ்வொரு நாளும் இரவில் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பாக்கெட் போட்ட டப்பாவில் வையுங்கள். தலையில் எண்ணெய் கொஞ்சமாக வையுங்கள், மைக்கில் அடைத்துவிடும். கருவியில் ஒரு நூலைக் கட்டிச் சட்டையோடு குத்திவிடுங்கள். மஞ்சுவிரட்டுக் கூட்டத்திலும் தேர்த்திருவிழாவிலும் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. வெளியே போகும் பையில் எப்போதும் ஒரு கேபிள், ஒரு செட் பேட்டரி. கேபிள் சில ஆயிரம், காயில் பத்தாயிரத்துக்கு மேல், ப்ராசஸர் லட்சங்கள். மாதம் ஒரு தொகையைத் தபால் அலுவலக ஆர்.டி.யில் கருவிக்கென்றே போட்டு வாருங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர் இருக்கிறார், அவரிடம் பதிவு செய்யுங்கள். வகுப்பில் முன்வரிசையில், கருவி உள்ள காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றுவது எப்படி என்று வகுப்பு ஆசிரியருக்கும், அவர் விடுப்பில் இருந்தால் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்கும் நேரில் காட்டிவிட்டு வாருங்கள். ப்ராசஸர் உத்தரவாதம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே முழுப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதிக்குள் மாற்றித்தர வேண்டியதை மாற்றித் தருவார்கள்.